கண்ணீர் சாரும் ஏஜென்சிச் சந்தாவும்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. பத்திரிகை அலுவலகத்தில் வாசற்காவலர் முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் கண்ணீர் சார். முதுகுக்குப் பின்னால் வெறும் கண்ணீர். வெளியூர்ச் செய்தி எதுவானாலும் சரி, அவர் கைபட்டால் அதில் யாராவது அழுதாக வேண்டும். வெள்ளம் வந்தால் மக்கள் அழுதார்கள், நியாயம். போட்டியில் வென்றால் வீரர்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள்; போகட்டும். வங்கி வட்டி கால் சதவீதம் குறைந்தபோது மேலாளர்கள் கண் கலங்கினார்கள். மிருகக்காட்சி சாலையில் முதலை முட்டையிட்ட செய்தியில் முதலையே அழுதது. அவர் எழுதியதில் உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது அந்த ஒன்றுதான்.

பதவி என்னவோ செய்தி ஆசிரியர் என்ற மிடுக்கான பதவி. வேலையோ, ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்ற கதை. உலகத்தின் சந்துபொந்தெல்லாம் ஆள் வைத்து, நடப்பதை எழுதி, சந்தா கட்டும் பத்திரிகைகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் அனுப்புகிறதே செய்தி ஏஜென்சி, அது அனுப்புவது அவர் மேசைத் திரையில் டிங் என்று வந்து விழும். அதைத் தமிழாக்கி, அழுகை சேர்த்து, ஏஜென்சியின் பெயரை நைசாகக் கழற்றிவிட்டு, மேலே 'நமது சிறப்பு நிருபர்' என்று போட்டுக்கொள்வார். காலையில் எரிமலை, மாலையில் பனிப்புயல் என்று அந்தச் சிறப்பு நிருபர் பார்க்காத ஊரில்லை. கண்ணீர் சாரோ நாற்காலியை விட்டு எழுந்தது கழிப்பறைக்கும் கேன்டீனுக்கும்தான்.

ஒரு தடவை எதிர்த்தெருவிலேயே ஒரு துணிக்கிடங்கு தீப்பிடித்தது. ஊரே ஓடியது. தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு போயிற்று. புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்து கண்ணீர் சாரின் மூக்கில் ஏறியது. அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, ஏஜென்சியிலிருந்து தீ விபத்துச் செய்தி வருகிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தது. தமிழாக்கினார். புகையில் அவருக்கே கண்ணில் நீர் வழிந்ததால், அன்றைக்கு மட்டும் கண்ணீர் கலப்படமில்லாத அசல் சரக்கு.

இப்படிப்பட்டவர்தான் ஏஜென்சிச் சந்தாவை நிறுத்த வேண்டும் என்று முதலாளிக்கு யோசனை சொன்னார். பால் குடிக்கிற பிள்ளை பசுவை விற்கச் சொன்ன மாதிரி.

காரணம் ஒரு நாற்காலி. ஆசிரியர் ஓய்வு பெறப்போகிறார். அவருடைய அறையில் இருந்த தோல் நாற்காலி சுழலும், சாயும், உட்காரும்போது பெருமூச்சு விடும். அதில் உட்கார வேண்டும் என்பது கண்ணீர் சாரின் வாழ்நாள் தவம். ஆசிரியர் மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போகும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அதில் உட்கார்ந்து பார்த்ததை, அறை துடைக்கும் அம்மாள் பார்த்திருக்கிறாள். இவருடைய ஓய்வுக்கும் கொஞ்ச நாள்தான் பாக்கி. இத்தனை வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தவருக்கு இது கிடைக்காவிட்டால் இனி எதுவும் கிடைக்காது.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மனைவியின் தம்பி எதிர்ப் பத்திரிகையில் இதே பதவியில் இருந்தான். மச்சினனுக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தை அறுந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரு குடும்ப விருந்தில், பத்துப் பேர் பந்தியில் இருக்கும்போது அந்தப் பயல் கேட்டுவிட்டான். "அத்தான், நேத்து எரிமலை வாய்க்கே போயிட்டு வந்தீங்களாமே, கால் சுடலையா?" பந்தியே சிரித்தது. மனைவி சிரித்ததைத்தான் கண்ணீர் சாரால் மன்னிக்க முடியவில்லை. மச்சினனுக்கு முன்னால் ஆசிரியராகிவிட வேண்டும் என்பது அன்றைக்குச் செய்த சங்கல்பம்.

முதலாளிக்கு அப்போது சிக்கனப் பைத்தியம் பிடித்திருந்தது. வாசலில் தன் பெயரைப் பளிங்கில் செதுக்கிப் பதித்த கையோடு, மாடிப்படி விளக்கை அணைத்துவிட்டார். கழிப்பறைச் சோப்பைப் பாதியாக வெட்டி வைக்கச் சொன்னார். மேலும் எங்கே வெட்டலாம் என்று அவர் கேட்டபோது, மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். கண்ணீர் சார் அறிக்கை எழுதினார்.

அறிக்கையை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுதினார். செய்தி என்பது காற்று மாதிரி, காற்றுக்கு யாராவது சந்தா கட்டுவார்களா என்று தொடங்கியது. ஏஜென்சி ஊருக்கெல்லாம் ஒரே சோற்றைத்தான் பரிமாறுகிறது, அதில் நமக்கென்று என்ன தனி ருசி என்று கேட்டது. அவர்கள் அனுப்புவதில் பாதி, நம் வாசகர் படத்தில்கூடப் பார்த்திராத தேசங்களைப் பற்றியது என்றது. முத்தாய்ப்பை அவர் எழுத்தில் வைக்காமல், முதலாளியின் அறையில் வாயால் சொன்னார்.

"தப்பா ஒரு நியூஸ் அனுப்புறாங்க சார். அரை மணி கழிச்சு, அது தப்பு, நீக்கிடுங்கன்னு இன்னொண்ணு அனுப்புறாங்க. ரெண்டுக்கும் சேத்து நாம சந்தா கட்டுறோம்."

முதலாளிக்கு அது பொன்மொழியாகப் பட்டது. ஏஜென்சி அவ்வப்போது அனுப்பும் அந்த 'நீக்கவும்' அறிவிப்புகள் கண்ணீர் சாருக்கு எப்போதுமே எரிச்சல். பாடுபட்டு ஒருவரை அழவைத்த பிறகு, அழ ஒன்றுமில்லை என்று தகவல் வந்தால் எந்தக் கலைஞனுக்குத்தான் பொறுக்கும்? ஆசிரியர் தன் பேனாக்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்ததால், அறிக்கையைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். சந்தா நின்றது. திரை இருண்டது. அதன்மேல் யாரோ ஈரக் குடையை மாட்டினார்கள்.

அதற்கப்புறம் வேலை நடந்த அழகைச் சொல்ல வேண்டும். எதிர்ப் பத்திரிகை சந்தா கட்டிக்கொண்டுதான் இருந்தது. வந்த செய்தியை உடனுக்குடன் தன் இணையப் பக்கத்திலும் போட்டது. கண்ணீர் சார் அதைத் திறந்து வைத்துக்கொள்வார். தலையை வாலாக்குவார், வாலைத் தலையாக்குவார். ஐம்பது பேர் என்றிருந்தால் சுமார் ஐம்பது பேர் என்பார். அது போதாதென்று, அங்கே இல்லாத ஒன்றிரண்டு விவரங்களைச் சொந்தக் கையிருப்பிலிருந்து சேர்ப்பார். திருட்டுக் கோழியின் இறகைப் பிடுங்குவது மட்டும் போதுமா, வேறு இறகும் ஒட்ட வேண்டாமா? இதற்கு அவர் வைத்த பெயர் மெருகேற்றல். மச்சினனின் உழைப்பை ஓசியில் தின்கிறோம் என்ற எண்ணம், அவருடைய டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது.

முதலாளி மகிழ்ந்தார். ஆசிரியர் பதவியை அடுத்த வாரம் அறிவித்துவிடலாம் என்று ஜாடையாகச் சொல்லியும் விட்டார். கண்ணீர் சார் சட்டை தைக்கக் கொடுத்தார்.

அந்த வாரத்தில் ஒரு மாலை. ஊழியர்களை வீட்டுக்குக் கொண்டுபோகும் அலுவலக வேன் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. எதிர்ப் பத்திரிகையின் பக்கத்தில் நாலே வரி வந்து விழுந்தது: பழைய சினிமா வில்லன் நடிகர் ஒருவர் வெளியூர் மருத்துவமனையில் காலமானார். நடித்த படத்திலெல்லாம் கடைசிக் காட்சியில் குண்டடிபட்டோ மலையிலிருந்து உருண்டோ சாகிற ஆள். ஊரில் அவரைத் தெரியாதவர் இல்லை.

கண்ணீர் சாருக்குக் கை பரபரத்தது. நாலு வரி அரைப் பக்கமாயிற்று. நடிகரின் மனைவி கதறி அழுதார். மருத்துவமனை வாசலில் ரசிகர் வெள்ளம் திரண்டது. அவர் ஆசையாக வளர்த்த நாய் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நிருபருக்கு அருகில் நின்ற முதியவர் ஒருவர், "இனி யாரை வெறுப்போம்?" என்று விம்மினார். இந்த முதியவர் கண்ணீர் சாரின் பழைய கூட்டாளி. எந்த தேசத்தில் எது நடந்தாலும் நிருபருக்கு அருகில் நின்று விம்முபவர்.

நடிகரின் படத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்த உதவி ஆசிரியை, கைப்பையைத் தோளில் மாட்டியபடியே சொன்னாள்.

"சார், அந்த நியூஸ் இப்ப அங்க இல்ல. எடுத்துட்டாங்க."

வேறு யாராவது இருந்தால் ஏன் எடுத்தார்கள் என்று விசாரித்திருப்பார்கள். நடந்தது இவ்வளவுதான்: நடிகர் குடலிறக்க அறுவைக்காக மருத்துவமனையில் படுத்து, நலமாகி, முந்தின நாளே வீடு போய்ச் சேர்ந்துவிட்டார், பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்தான் இறந்தார். ஏஜென்சிக்காரர்கள் கட்டிலை மாற்றிப் புரிந்துகொண்டார்கள். தவறு தெரிந்ததும் அரை மணிக்குள் 'நீக்கவும்' என்று சந்தாதாரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். எதிர்ப் பத்திரிகை நீக்கிவிட்டது. ஈரக் குடை மாட்டிய திரைக்கு யார் அனுப்புவார்கள்?

கண்ணீர் சார் அதைப் படித்த விதமே வேறு. திருடனுக்கு ஊரெல்லாம் பூட்டாகத்தானே தெரியும்.

"எடுக்கலம்மா, ஒளிச்சிருக்கான்," என்றார், கண்கள் பளபளக்க. "நாம எடுக்குறோம்னு மோப்பம் பிடிச்சிட்டான். வெளிய வச்சா நமக்குக் கிடைச்சிரும்னு, காலைல பேப்பர்ல மட்டும் போடப் பாக்குறான். என் மச்சினன் புத்தி எனக்குத் தெரியாதா?"

"ஒரு போன் போட்டுக் கேட்டுரலாமே சார். உங்க மச்சினர்தானே."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். வேன் இன்னொரு முறை ஹாரன் அடித்தது. நீங்க சொன்னா சரி சார் என்று அவள் இறங்கி ஓடிவிட்டாள். அரைப் பக்கச் செய்தி முதல் பக்கத்துக்கு ஏறி, தலைப்புச் செய்தியாயிற்று.

அதோடு விட்டிருந்தாலும் பாதகமில்லை. முதலாளிக்குத் தொலைபேசியில் பெருமையடித்தார். முதலாளிக்கு ஒரு பலவீனம் உண்டு. பிரபலங்களின் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தாலும் இருப்பார். இழவுக்குப் போகாமல் இருக்க மாட்டார். பிணத்துக்குத் தலைமாட்டில் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் அவர் வீட்டு வரவேற்பறையில் வரிசையாகத் தொங்கின. இந்தச் செய்தி நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது, விடிவதற்குள் புறப்பட்டால் முதல் மலர்வளையம் நம்முடையதாக இருக்கும் என்று கண்ணீர் சார் எடுத்துக் கொடுத்தார். நாற்காலி அந்த நிமிஷமே தன் பக்கம் சுழன்றுவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

காலையில் மனைவி வேலை முடிந்து வந்தாள். மருத்துவமனையில் நர்ஸ். செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக மேசைமேல் கிடந்த இரண்டு பத்திரிகைகளையும் புரட்டினாள். தம்பியின் பத்திரிகையை அவள் கணவருக்குத் தெரிந்தே வாங்குவாள்.

"ஏங்க, உங்க பேப்பர்ல மட்டும்தான் செத்திருக்காரு?"

கண்ணீர் சார் இதற்குத்தான் காத்திருந்தார். "உன் தம்பி கோட்டை விட்டுட்டான். கைல வச்சிருந்தும் போடத் துப்பில்ல."

"எந்த ஆஸ்பத்திரி? டாக்டர் எழுதிக் குடுக்காம நாங்க யாரையும் சாக விடுறதில்லையே. நீங்க யாரைக் கேட்டு விட்டீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தபோது போன் அடித்தது. முதலாளியின் கார் ஓட்டுநர். மனிதர் இந்தக் கதையை வாழ்நாள் முழுக்கச் சொல்லப்போகிறவர். முதல் ஒத்திகையைக் கண்ணீர் சாரிடம் பார்த்தார்.

நடிகரின் வீட்டு வாசலில் ஈ காக்கை இல்லையாம். முதலாளிக்கு ஏக மகிழ்ச்சி. நாமதான் முதல் ஆள் என்றாராம். வண்டிச் சக்கரம் அளவுக்கு மலர்வளையம். ஓட்டுநரும் புகைப்படக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். முதலாளி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மணியை அழுத்தினார். கதவைத் திறந்தது நடிகர். பனியனோடு, வாயில் டூத் பிரஷோடு. முதலாளிக்கு எத்தனையோ இழவு வீடுகளில் பழகிய நாக்கு. அது மூளையைக் கேட்காமலே வேலை செய்தது. நடிகரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஈடு செய்ய முடியாத இழப்புங்க," என்றாராம்.

நடிகர் பெரிய மனுஷன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தன் கையாலேயே டீ போட்டுக் கொடுத்து, காரிலிருந்த பத்திரிகையை வாங்கிச் சத்தமாக வாசித்தார். மனைவி கதறினாள் என்ற இடத்தில் நிறுத்தி, அவள் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது, நாய் தன்னிடம் இல்லை, இருப்பது பூனை, அதற்கும் தன்மேல் அவ்வளவு பாசம் கிடையாது என்று விளக்கினார்.

"படத்துல எத்தனையோ தடவை செத்திருக்கேன்," என்றாராம் கடைசியில். "ஒரு டைரக்டர்கூட இவ்வளவு நல்லா அழ வச்சதில்ல. எழுதினவர் யாரு, நேர்ல வந்திருந்தாரா?"

மலர்வளையத்தைத் திருப்பித் தரவில்லை. பூ நல்ல பூவாக இருக்கிறது என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

இந்த வேடிக்கை அன்று பகலுக்குள் ஏஜென்சியின் காதுக்குப் போய்விட்டது. உயிரோடு இருப்பவருக்கு மலர்வளையத்தோடு போன பத்திரிகை முதலாளி என்று, பல் துலக்கும் நடிகரின் பேட்டியோடு, சந்தாதாரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவைத்தார்கள். ஊரிலும் வெளியூரிலும் உள்ள அத்தனை பத்திரிகையிலும் மறுநாள் அது வந்தது. நம் பத்திரிகைக்கு மட்டும் கிடைக்கவில்லை. தங்கள் முதலாளி உலகப் புகழ் பெற்றதை அலுவலகமே ஓசிப் பத்திரிகை வாங்கித்தான் தெரிந்துகொண்டது.

முதலாளியின் அறையில் கண்ணீர் சார் நின்றார். தேள் கொட்டிய திருடன் மாதிரி, கத்தவும் முடியவில்லை. ஏஜென்சிக்காரர்களே தப்பாகத்தான் அனுப்பினார்கள் என்று முணுமுணுத்துப் பார்த்தார். நமக்கெங்கே அனுப்பினார்கள் என்று முதலாளி கேட்டதும் பேச்சை மாற்றி, அன்றைக்குப் பத்திரிகை ஒரு பிரதி மிச்சமில்லாமல் விற்றுவிட்டது என்பதை நினைவூட்டினார். அதுவும் எடுபடவில்லை.

"செத்தவன் கையால டீ வாங்கிக் குடிச்சிட்டு வந்திருக்கேன்யா நான்," என்றார் முதலாளி. "போ. முகத்துல முழிக்காத."

வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கினால் சேர வேண்டியதைக் கொடுத்துக் கணக்கு முடிக்க வேண்டும். அந்தச் சிக்கனம் இங்கே கண்ணீர் சாருக்குக் கைகொடுத்தது. ஆனால் நாற்காலி போயிற்று. எங்கே போயிற்று என்பதை அவர் அலுவலகத்தில் தெரிந்துகொள்ளவில்லை. வீட்டில், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி சொன்னாள்.

"உங்க முதலாளி தம்பியைக் கூப்பிட்டுப் பேசியிருக்காரு. ஆசிரியரா வரச்சொல்லி. அவன் என்னைக் கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"சேர்ந்துக்கடான்னுதான் சொன்னேன். வெளியாளுக்குப் போறதுக்கு, அந்த நாற்காலி நம்ம குடும்பத்துலயாச்சும் இருக்கட்டுமே."

கண்ணீர் சார் அன்று இரவுச் சாப்பாட்டை மறுத்துப் பார்த்தார். யாரும் வற்புறுத்தாததால் கொஞ்ச நேரத்தில் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

மச்சினன் வந்து சேர்ந்தான். முதல் நாளே எல்லோரும் அவனுக்குச் சார் போட்டார்கள். கண்ணீர் சார் எப்படிக் கூப்பிடுவார் என்று அலுவலகமே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. அவர் கூப்பிடவே இல்லை. ஏதாவது கேட்க வேண்டுமானால் அறை வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். அவன்தான் உள்ளிருந்து, "வாங்க அத்தான்," என்பான். அந்த அத்தான் அவருக்கு ஒவ்வொரு தடவையும் நெருஞ்சி முள்.

வந்த கையோடு மச்சினன் கேட்டது ஏஜென்சிச் சந்தாவை. முதலாளிக்குப் பட்ட அவமானம் ஆறிப்போய்ச் சிக்கனம் மறுபடி தலைதூக்கியிருந்தது. எதற்காகக் கட்ட வேண்டும் என்று எழுத்தில் கொடு, பார்க்கலாம் என்றுவிட்டார். மச்சினன் அந்த வேலையைக் கண்ணீர் சாரிடம் தள்ளினான். நிறுத்தச் சொல்லி அவ்வளவு நன்றாக எழுதினீர்கள், சேர்க்கச் சொல்லியும் எழுதுங்களேன் என்றான். குத்தலா, நிஜமாகவே கேட்டானா என்று அவன் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

கண்ணீர் சார் உட்கார்ந்து எழுதினார். வெட்கம் மானம் பார்க்கவில்லை. சந்தா இல்லாவிட்டால் மறுபடியும் திருட வேண்டும், திருடினால் அடுத்த தடவை எந்தப் புண்ணியவான் உயிரோடு எழுந்து உட்காருவானோ என்ற பயம் அவர் பேனாவுக்கு மை ஊற்றியது. செய்தி காற்று மாதிரி என்ற வாதத்தைத் திருப்பிப் போட்டு, காற்றை ஊதித் தரத்தான் ஆள் வேண்டும் என்றார். ஒரே சோறுதான், ஆனால் வேகவைத்துத் தருகிறார்கள்; நாம் அடுத்தவன் எச்சிலைத் தின்றோம் என்றார். சந்தா என்பது செய்திக்கு மட்டுமல்ல, சொன்னது தப்பு என்று வந்து சொல்ல ஓர் ஆள் இருப்பதற்கும் சேர்த்துத்தான். ஓசியில் எடுப்பவனுக்குத் தப்பு வந்து சேரும், திருத்தம் சேராது என்றார். அவர் வாழ்க்கையில் யாரும் அழாமல் எழுதிய முதல் பக்கம் அதுவாகத்தான் இருக்கும். பயந்தவன் பொய் சேர்க்க மாட்டான் போலிருக்கிறது.

முதலாளி படித்தார், அசந்துபோனார், சந்தாவுக்குச் சம்மதித்தார். அதோடு நிற்காமல் ஊழியர்கள் எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டு, ஆசிரியரின் அறிக்கை எப்படிப்பட்ட அறிக்கை தெரியுமா என்று வாசித்துக் காட்டினார். அந்த நாற்காலிக்குச் சரியான ஆளைப் பிடித்ததற்காகத் தன்னையே ஒரு முறை பாராட்டிக்கொண்டார். காகிதத்தின் அடியில் மச்சினனின் கையெழுத்து மட்டும் இருந்தது. மச்சினன் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டத்தோடு கூட்டமாக நின்று கண்ணீர் சாரும் கைதட்ட வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தார்.

"ராத்திரி பகலா உக்காந்து நான் எழுதினது. அவன் பேரைப் போட்டுக்கிட்டான் உன் தம்பி. நாக்கூசாம நின்னு பாராட்டு வாங்கிக்கிட்டான்."

மனைவி டியூட்டிக்குப் போகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"உங்களை மாதிரி ஏதாவது சேத்து மாத்தியிருந்தானா, இல்ல அப்படியே வச்சிருந்தானா?"

"ஒரு வார்த்தை மாத்தல."

"அப்ப பரவாயில்லங்க," என்று அவள் கொண்டையைச் செருகிக்கொண்டாள். "அவன் நேர்மையானவன்."

கண்ணீர் சார் சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் அவள் படியிறங்கித் தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.